சுருக்கென்று வரும் கோபமும் பார்த்துச் சொல்லும் பதிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராகப் பதினெட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர் ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம், துணி பின்னும் நிட்டிங், சாயம் போடும் டையிங், பிரிண்டிங், தையல் எல்லாம் இன்னொரு பக்கம். நடுவில் நின்று ஆர்டரை ஓட்டுபவர்தான் மெர்ச்சண்டைசர். எல்லாப் பக்கத்துக் கோபமும் வந்து சேரும் இடம் அது. இப்போது எனக்குக் கீழே ஏழு பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் படிப்பை முடித்து ஓரிரு வருடம் ஆன பிள்ளைகள். அவர்கள் டீ நேரத்தில் கேட்டதையும், வேறு கம்பெனிகளில் இருக்கும் தெரிந்தவர்கள் போனில் கேட்டதையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணமெல்லாம் எங்கள் தொழிலிலிருந்து வருகிறது. பாங்கில் இருப்பவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கும் இதே சங்கதி வேறு பெயரில் நடந்துகொண்டுதான் இருக்கும்.

உடனே பதில் சொல்லாமல் இருந்தால் பயந்துவிட்டேன் என்று நினைக்க மாட்டார்களா?

சும்மா இருந்தால் நினைப்பார்கள். அதனால் சும்மா இருக்காதீர்கள். "பார்த்துட்டு பதினொரு மணிக்குச் சொல்றேன்ங்க" என்று சொல்லுங்கள்.

நம் ஊரில் "பார்க்கலாம்", "பார்த்துச் சொல்றேன்" என்றாலே தட்டிக்கழிப்பது என்று அர்த்தமாகிவிட்டது. அதே வார்த்தையோடு ஒரு மணிக்கணக்கைச் சேர்த்தால் அதற்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. பதினொன்று என்று சொன்னால் பத்து ஐம்பத்தைந்துக்கே போய் நில்லுங்கள். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டால், நீங்கள் நேரம் கேட்பதை யாரும் பயம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தப் பெண் பார்க்காமல் வாயைத் திறக்காது என்று பேர் வந்துவிடும். எங்கள் தொழிலில் அது பெரிய பேர்.

கோபம் வந்த நிமிடத்தில் தெரிந்த விஷயம்கூட ஏன் மறந்துபோகிறது?

உடம்பு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். யாரோ அதட்டினால், மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதியான அமிக்டலா முந்திக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, காது சூடாகிறது. யோசித்து எடைபோடும் மூளையின் முன்பகுதியின் பிடி அந்த நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. பாம்பைப் பார்த்தால் குதித்து ஓடுவதற்கான ஏற்பாடு இது. மேனேஜரின் மெயிலுக்கும் உடம்பு அதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது.

ஆக, கோபம் வந்ததற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த அலை இறங்குவதற்குள் வாயும் விரலும் முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் பங்கு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். நாலு எண்ணும்வரை இழுத்து, ஏழெட்டு எண்ணும்வரை விடுங்கள். ஆறேழு தடவை போதும். யாருக்கும் தெரியாமல் மீட்டிங்கிலேயே செய்யலாம்.

இன்னொன்று, பசியைக் கவனியுங்கள். எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்டு என்றால் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. சாயங்கால டீ தள்ளிப்போன நாட்களில்தான் எங்கள் மாடியில் பாதிச் சண்டை நடந்திருக்கிறது. எத்தனையோ தடவை ஒரு டீயும் இரண்டு பன்னும் தீர்த்துவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? பத்து வரை எண்ணினால் போதுமா?

எண்ணிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்து வரை எண்ணிவிட்டுப் பதினொன்றில் கத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் வேறு கணக்கு வைத்திருக்கிறேன்: எனக்குத் தெரியாத ஒரு விவரத்தையாவது தெரிந்துகொள்ளும்வரை பதில் கிடையாது. அந்த விவரம் இரண்டு நிமிடத்தில் கிடைத்தால் இரண்டு நிமிடம். ஒரு நாள் ஆகுமென்றால் ஒரு நாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கோபம் இன்னும் கூர்மையாகும். ஃபைலை எடுத்துப் பார்க்கப் போனால், கை வேலையில் இருக்கும்போதே பாதி இறங்கிவிடும்.

வெளிநாட்டு மெயிலுக்கு இயற்கையாகவே நேரம் இருக்கிறது. ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அங்கே ஐந்து மணிக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒருவர் தட்டிவிடும் மெயில், நமக்கு இரவு எட்டரைக்கோ ஒன்பதரைக்கோ வருகிறது. அவர் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நாம் ராத்திரியே பதில் போட்டாலும் மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் பார்ப்பார். அப்போது நமக்கு மணி பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. அதாவது, ராத்திரித் தூக்கம், காலைச் சாப்பாடு, டையிங்குக்கு ஒரு நடை, மாஸ்டரிடம் ஒரு பேச்சு, எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு எழுதினாலும், அவர் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது நம் பதில் முதல் ஆளாக அங்கே நிற்கும். இந்தக் கணக்கை நான் புரிந்துகொள்ள எட்டு வருடம் ஆனது. புரிந்த பிறகு இரவில் பதில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

அவசரப்பட்டுப் பதில் போட்டு நீங்கள் மாட்டிக்கொண்டது உண்டா?

உண்டு. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் பழக்கமெல்லாம் இதிலிருந்துதான் ஆரம்பித்தது.

நேவி ப்ளூ டிசர்ட், பன்னிரண்டாயிரம் பீஸ், ஜெர்மன் பையர். இரவு ஒன்பது மணிக்கு மெயில் வந்தது. கழுத்துப் பட்டியான ரிப்புக்கும் சட்டையின் உடல் பகுதியான பாடிக்கும் ஷேடு, அதாவது நிறம், ஒத்துப்போகவில்லை, விளக்கம் வேண்டும் என்று இரண்டு வரி. எனக்குச் சுருக்கென்றது. முதலில் சாயம் போட்டுக் காட்டும் மாதிரித் துணியான லேப் டிப்பில் அவர்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிய அட்டை என் மேஜை டிராயரில் இருக்கிறது. பீஸை நானே ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். உடனே எழுதினேன்: நீங்களே ஒப்புக்கொண்ட ஷேடுதான் இது, எங்களைக் குறை சொல்லும் முன் உங்கள் ஃபைலைப் பாருங்கள். அவருடைய மேலதிகாரிக்கும் ஒரு நகல் போட்டேன். அனுப்பும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை டையிங் மாஸ்டரிடம் பீஸைக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல், வெவ்வேறு விளக்கில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் வைத்தார். டி65 விளக்கு, அதாவது பகல் வெளிச்சத்துக்குச் சமமானது. இரண்டும் ஒரே நிறம். "பார்த்தீங்களாண்ணா?" என்றேன். அவர் அடுத்த ஸ்விட்சைத் தட்டினார். டிஎல்84, ஐரோப்பியக் கடைகளில் அப்போது எரிந்த டியூப் லைட் மாதிரி. கழுத்து ரிப் மட்டும் செம்பழுப்பாகத் திரும்பி நின்றது. பாடி நீலமாகவே இருந்தது. ரிப்பை வேறு லாட்டில், வேறு சாயக் கலவையில் போட்டிருந்தார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துபோவதை மெட்டாமெரிசம் என்பார்கள். சாயத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு மட்டும் தெரியவில்லை.

பையர் தன் வெளிச்சத்தில் பார்த்ததைச் சொன்னார். நான் என் வெளிச்சத்தில் பார்த்ததைச் சொன்னேன். தப்பு எங்கள் பக்கம். முதல் மெயிலிலேயே "நாளை லைட் பாக்ஸில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்" என்று நான் சொல்லியிருந்தால், ஏதாவது தள்ளுபடியோடு பேசி முடித்திருக்கலாம். மேலதிகாரிக்கு நகல் போய்விட்டதால் அவராலும் இறங்கிவர முடியவில்லை. ரிப்பை மாற்றித் தைத்து, கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. சரக்குக் கட்டணம் முழுக்க எங்கள் தலையில் விழுந்தது.

மெயிலில் சாதாரணமாக எழுதினாலும் கோபமாக எழுதியதாக எடுத்துக்கொள்கிறார்களே?

எழுத்தில் குரல் போய்ச்சேராது. ஆனால் எழுதுகிறவருக்குத் தன் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருப்பதால் அது எதிராளிக்கும் கேட்கும் என்று நினைத்துக்கொள்கிறார். ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. கிண்டலாகச் சொன்னதா, நிஜமாகச் சொன்னதா என்பதை நூற்றுக்கு 78 தடவை எதிராளி சரியாகப் பிடித்துவிடுவார் என்று மின்னஞ்சல் அனுப்பியவர்கள் எண்ணினார்கள். படித்தவர்கள் சரியாகப் பிடித்தது 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

இது இரண்டு பக்கமும் வெட்டும். உங்கள் மெயில் கடுமையாகத் தெரிந்திருக்கலாம். அதே போல் உங்களுக்கு வந்த கடுமையான மெயில், அவர் வேகவேகமாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதிய சாதாரண மெயிலாகவும் இருக்கலாம். ஜெர்மன்காரர்களோடு பேசிப் பழகிய பிறகு தெரிந்தது, "ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன்" என்பது அவர்களுக்கு வெறும் கேள்வி. நமக்கு அது மெமோ மாதிரிக் காதில் விழுகிறது. சந்தேகம் இருந்தால் போன் போடுங்கள். மூன்று நிமிடப் பேச்சில் முப்பது மெயில் மிச்சமாகும்.

சில கைவேலைகளும் உண்டு. பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள், அதுவரை மெயில் எங்கும் போகாது. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 5 நொடியிலிருந்து 30 நொடிக்கு மாற்றிவைக்கலாம், இன்றைக்கே மாற்றுங்கள். "நீங்கள்" என்று தொடங்கும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் அந்த மெயில் இன்னும் வேகவில்லை.

நேருக்கு நேர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். எழுத்துக்கு இருக்கும் நேரம் அங்கே எங்கே இருக்கிறது?

கையில் நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். நிஜமாகவே எழுதுங்கள், பாவனைக்கு வேண்டாம். எழுதுகிற கைக்குத் தன் வேகம் உண்டு, அது பேச்சின் வேகத்தையும் இழுத்துப் பிடிக்கும். கத்துகிறவர்கூடத் தான் சொன்னது எழுத்தில் ஏறுவதைப் பார்த்தால் வார்த்தையைப் பொறுக்க ஆரம்பிப்பார்.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முகத்தில் காட்டக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்தால், அந்த நேரத்தில் சொல்லப்பட்ட விவரங்கள் மனதில் நிற்பது குறைந்துபோகிறது என்று ஜேம்ஸ் கிராஸும் ஜேன் ரிச்சர்ட்ஸும் 2000-இல் சோதித்துக் காட்டினார்கள். எனக்கு அது அனுபவமாகவே தெரியும். எம்.டி. அறையிலிருந்து முகம் மாறாமல் வெளியே வந்து, "என்ன சொன்னார்?" என்று கேட்டால் பாதி நினைவில் இருக்காது. நோட்டில் இருக்கும்.

அவர் நிறுத்தும்போது, எழுதியதை அப்படியே திருப்பிப் படியுங்கள். "ரெண்டு விஷயம் சொன்னீங்க சார். சாம்பிள் ரெண்டு நாள் லேட். சைஸ் ஸ்டிக்கர் மாறியிருக்கு. ஸ்டிக்கர் எங்க மாறுச்சுன்னு பார்த்துட்டு நாலு மணிக்கு வர்றேன்ங்க." மன்னிப்பையோ மறுப்பையோ அந்த இடத்தில் சொல்ல வேண்டியதில்லை. எது நடந்தது என்று தெரியாமல் கேட்கும் மன்னிப்பும் அவசரப் பதில்தான். பிறகு தப்பு உங்களுடையது இல்லை என்று தெரியவந்தால் ஒப்புக்கொண்டதைத் திருப்பி வாங்குவது கஷ்டம்.

வாட்ஸ்அப் குரூப்பில் பேர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறார்கள். அங்கேயே பதில் போட்டால்தானே மற்றவர்களுக்கும் உண்மை தெரியும்?

விவரத்தைக் குரூப்பில் போடுங்கள், வருத்தத்தை நேரில் சொல்லுங்கள். "பட்டன், லேபிள் எல்லாம் 14-ந் தேதி வந்தது, ஸ்டோர் ரசீது இணைத்திருக்கிறேன்" என்று ஒரு வரி குரூப்புக்குப் போதும். "எல்லார் முன்னாடியும் என்னைச் சொன்னது எனக்கு வருத்தமாயிருந்துச்சு அண்ணா" என்பதைச் சொல்லவேண்டிய இடம் அவருடைய மேஜை, ஆள் இல்லாத நேரம். குரூப்பில் நீங்கள் பதிலடி கொடுத்தால் பார்க்கிற நாற்பது பேருக்கும் உண்மை தெரியாது, சண்டை மட்டும்தான் தெரியும். அழித்தாலும் அழித்த தடம் நிற்கும். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள்.

கோபத்தை அடக்கினால் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே? கொட்டித் தீர்த்துவிடுவது நல்லதுதானே?

இப்படித்தான் நானும் நம்பியிருந்தேன். 2002-இல் பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். ஒரு பகுதியினர் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது. டீக்கடையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மேனேஜரைத் திட்டினால் பாரம் இறங்கியது போல இருக்கும். திரும்பி மாடிப்படி ஏறும்போது பாருங்கள், போனதைவிடக் கூடுதல் சூட்டோடு ஏறுவோம். திட்டத் திட்ட அதை மறுபடி வாழ்ந்து பார்க்கிறோம்.

அடக்குவதற்கும் கொட்டுவதற்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. பேர் வைப்பது. மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் மூளை ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, கோபமான, பயந்த முகங்களைக் காட்டி அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். முதலில் "கோபம்" என்றுதான் வரும். இன்னொரு தடவை யோசித்தால் அதற்கு அடியில் வேறு இருக்கும். அவமானம். பயம். சோர்வு. 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்பட்டன. அந்த மாதங்களில் துணியைச் சாயமேற்ற வெளி மாநிலங்களுக்கு அனுப்பினோம். போன் எடுத்தாலே கத்தல். ஒருநாள் என் நோட்டில் "பயம்" என்று எழுதினேன். ஆர்டர் போய்விடும், வேலை போய்விடும் என்ற பயம். எதிரில் கத்தியவருக்கும் அதே பயம்தான் என்று புரிந்தது. அதற்குப் பிறகு அவரோடு பேசுவது கொஞ்சம் எளிதானது.

எனக்குக் கீழே இருப்பவர்களைச் சத்தம் போடாமல் வேலை வாங்க முடியுமா?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. பையரிடமும் முதலாளியிடமும் நாம் எப்படியோ அடக்கிக்கொள்கிறோம், வேறு வழியில்லை. அங்கே அடக்கியது எங்கே போகிறது? கீழே இறங்குகிறது. எம்.டி. மேனேஜரிடம், மேனேஜர் நம்மிடம், நாம் சூப்பர்வைசரிடம், சூப்பர்வைசர் தையல்காரரிடம். கடைசியில் செக்கிங் டேபிளில் இருக்கும் ஒரு அக்கா மேல் விழுகிறது. அவருக்குக் கீழே ஆளில்லை. வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தை "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்" என்றுதான் தொடங்குகிறார். கோபம் செல்லுபடியாகும் இடத்தில் காத்துக்கொள்கிறவன்தான் சினத்தைக் காத்தவன். செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார்.

ஒரு செக்கிங் அக்கா இருந்தார். ஐம்பது வயது இருக்கும். பீஸை எடுத்து, உள்ளங்கையைச் சட்டைக்குள் விட்டு, விரலை விரித்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் துணியில் ஒரு இழை விட்டிருந்தாலும் தெரியும். ஒருநாள் ஓட்டை பீஸ் மூன்று பேக்கிங்வரை போய்விட்டது. நான் அன்றைக்கு மேலே வாங்கிக்கட்டிக்கொண்டு வந்திருந்தேன். "கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றேன், முப்பது பேர் முன்னால். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பீஸை எடுத்துக் கையை உள்ளே விட்டார்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு ஆர்டரில் நீடில் லைன் வந்தது. நிட்டிங் மெஷினில் ஊசி பழுதானால் துணியில் நெட்டுக்கு விழும் கோடு. நான் பார்த்தபோது மூவாயிரத்துச் சொச்சம் பீஸ் தைத்தாகிவிட்டது. அந்த அக்காவிடம் கேட்டேன், முன்னாடியே பார்த்தீங்களா என்று.

"முதல் நாளே பார்த்தனுங்க மேடம். சொன்னா சத்தம் போடுவீங்கன்னு சொல்லலீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை, நடந்ததைச் சொன்னார். கத்துகிறவருக்குக் கெட்ட செய்தி வந்து சேராது, அல்லது மூவாயிரம் பீஸ் தாமதமாக வரும். அதற்கப்புறம் நான் "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைக் குறைத்துக்கொண்டேன். "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றால் ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். "என்னங்க்கா ஆச்சு, எங்கிருந்து ஆரம்பிச்சுது?" என்றால் விவரம் வரும். கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே தப்பு மூன்றாம் தடவை வந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்வேன். முப்பது பேர் முன்னால் சொல்வதில்லை.

ஏற்கெனவே வெடித்துவிட்டேன். இனி என்ன செய்வது?

எங்கே கத்தினீர்களோ அங்கே போய் மன்னிப்புக் கேளுங்கள். முப்பது பேர் முன்னால் கத்திவிட்டுத் தனியாகக் கேட்டால் பாதிதான் கேட்டதாகும். அந்த அக்காவிடம் நான் செக்கிங் டேபிள் பக்கத்திலேயே நின்று, "அன்னைக்கு நான் பேசினது தப்புங்க்கா" என்றேன். "ஆனால் நீங்களும்" என்று இழுக்கவில்லை. "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பீஸைத் திருப்பினார். அவர் என்னிடம் மறுபடி வந்து ஒரு பீஸைக் காட்ட இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எனக்குக் கோபம் வராது, அழுகைதான் வருகிறது. எல்லோர் முன்னாலும் அழுதுவிடுகிறேன்.

அதுவும் உடம்பு செய்கிற வேலைதான். அழுகை வந்தால், "ரெண்டு நிமிஷத்துல வர்றேன்ங்க" என்று எழுந்து போங்கள். தண்ணீரில் முகம் கழுவுங்கள். திரும்பி வாருங்கள். திரும்பி வருவதைத்தான் நான் முக்கியம் என்பேன், அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். கண் சிவந்திருந்தாலும் பரவாயில்லை, ஃபைலைத் திறந்து விட்ட இடத்திலிருந்து பேசுங்கள். நான் அப்படிப் பேசியிருக்கிறேன். யாரும் என்னைக் குறைவாக நினைக்கவில்லை.

உடனே எதிர்வினை காட்ட வேண்டிய இடமே கிடையாதா?

நிறைய உண்டு. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் அந்த மெஷின் அந்த நொடியே நிற்க வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்கும்வரை பீஸ் நகரக் கூடாது. கிடைத்த துண்டுகளைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டுகிறோம். குழந்தைகள் போடும் சட்டையில் ஒரு ஊசி முனை போய்விடக் கூடாது. தீ, மின்கசிவு, ஒருவர் கை மெஷினில் மாட்டுவது, இங்கெல்லாம் யோசிக்க உட்காரக் கூடாது. அந்த யோசனையை முன்பே உட்கார்ந்து முடித்துப் பழகி வைத்திருக்க வேண்டும்.

மேலே இருப்பவர் எப்போதுமே இப்படித்தான் என்றால் எவ்வளவு நாள் பொறுப்பது?

நிதானம் என்ற பேரில் எதையும் விழுங்கச் சொல்லவில்லை. சாதிப் பேர் சொல்லித் திட்டுவது, கை ஓங்குவது, பெண்களிடம் தகாத பேச்சும் தொடுதலும், இதெல்லாம் பொறுமைக்குரிய விஷயமே கிடையாது. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இங்கேயும் அந்த நோட்டுதான் உதவும். நிதானமாக எழுதிய புகாருக்கு இருக்கும் பலம், கத்தியதற்கு இருக்காது.

நாளைக்கே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறது.

எழுதுங்கள். தேதி போடாமல் பையில் வையுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். நிரந்தர வேலையில் கிராஜுவிட்டி கிடைக்க ஐந்து வருடச் சர்வீஸ் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி நாலு வருடம் நாலு மாதத்தில் ஒரு வார்த்தை பொறுக்காமல் அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். கொஞ்சம் பொறுத்திருந்தால் கையில் ஒரு தொகை இருந்திருக்கும், தேடுவதற்கு நேரமும் இருந்திருக்கும். ஒரு மாதம் கழித்தும் கடிதம் சரி என்று பட்டால் தேதியைப் போட்டுக் கொடுங்கள். நானும் ஒருமுறை அப்படிக் கொடுத்திருக்கிறேன், இன்றுவரை வருத்தமில்லை.

ராத்திரி படுத்தால் அந்த மெயிலே மனதில் ஓடுகிறது. தூக்கம் வருவதில்லை.

பதிலை எழுதிவிடுங்கள், தாளில். என்னென்ன கேட்கத் தோன்றுகிறதோ அத்தனையும். கெட்ட வார்த்தை வந்தாலும் சரி. அதற்குக் கீழே, காலையில் முதலில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். "மாஸ்டரிடம் ரிப் லாட் நம்பர்." அவ்வளவுதான். போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுங்கள்.

காலையில் அந்தத் தாளை எடுத்தால் மேலே எழுதியதைப் படிக்கக் கூச்சமாக இருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கீழ் வரியை மட்டும் சட்டைப் பையிலோ ஹேண்ட்பேக்கிலோ வைத்துக்கொண்டு கிளம்புங்கள். டையிங் மாஸ்டர் ஒன்பது மணிக்கு வந்துவிடுவார்.